முதலாளியே கேட்டாலும்

சித்த தள்ளி உக்காருங்க சார். ஆமாங்க, நானேதான். அரை மணி நேரத்துக்கு முன்னால ஆபீஸ்ல பாத்தீங்களே, டெஸ்பாட்ச் நல்லசிவம். நீங்க டீயக் குடிச்சீங்க, நோட்டுல எழுதுனீங்க, கும்புட்டுட்டுக் கெளம்பிட்டீங்க. நானும் எப்பவும் போல உக்காந்து மூலனூர் வண்டிக்குச் சீட்டுப் போட்டேன். வண்டி நம்பரைத் தப்பாப் போட்டுட்டேன். கிழிச்சுட்டு இன்னொண்ணு போட்டா அதுவும் தப்பு. வயித்து வலின்னு சொல்லிப்போட்டு ஆட்டோவப் புடிச்சு தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியாந்தேன். வயித்து வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.

கண்டக்டர், பல்லடம் ஒண்ணு குடுங்க.

பல்லடத்துல என்ற தங்கச்சி ஊடு இருக்குது, அங்க எறங்கிக்கறேன். அதுக்குள்ள உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லோணும். நீங்க பாட்டுக்கு ஜன்னலப் பாத்துட்டே கேளுங்க. என்ற மொகத்தப் பாக்காதீங்க, பாத்தீங்கன்னா எனக்குச் சொல்ல வராது.

நீங்க என்ன கேட்டீங்க? "உங்க பால் கம்பெனில சிஸ்டம் பாத்துட்டு இருந்த சுகிர்தாவ எங்க மில்லுக்கு எடுக்கலாம்னு இருக்கறோம், பொண்ணு எப்படி?"ன்னு கேட்டீங்க. நான் என்ன சொன்னேன்? "சுமாருங்க"ன்னு சொன்னேன். நீங்க அதை எழுதிக்கிட்டீங்க. பேனா ஓடுற சத்தம் எனக்குக் கேட்டுச்சுங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி உக்காந்திருந்தாரு, அதான் அப்படிச் சொன்னேன். இல்ல, அவரு இல்லாட்டியும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பாருங்க, இப்பக்கூட அவரு மேல தள்ளி உடப் பாக்கறேன்.

நீங்க நேர்ல வந்தது நல்ல பழக்கமுங்க. மெயில்ல கேட்டா எவன் நெசத்தச் சொல்றான்? நேர்ல வந்தா ஒரு டீ குடிக்கறதுக்குள்ள மொகத்துல தெரிஞ்சுரும்னுதானே நம்ம பக்கம் ஆளை அனுப்பி விசாரிக்கறாங்க. ஆனா என்ற மொகத்துல உங்களுக்கு ஒண்ணுந் தெரியல பாத்தீங்களா. அம்பத்தேழு வயசு மொகம், நல்லா பழகியிருக்குது. நானும் உங்ககிட்ட ஒரு கார்டு கூட வாங்கிப் பாக்கல. கோயமுத்தூர் மில்லுன்னீங்க, நம்பிட்டேன். எனக்கு இன்னும் புத்தி வரலீங்க.

சரி, மொதல்ல இருந்து சொல்றேன். நான் இந்தக் கம்பெனில இருபத்தி மூணு வருசம். நூத்தி முப்பத்தெட்டு ஊர்ல எங்களுக்குப் பால் எடுக்கற இடம் இருக்குது. எந்த ஊர்ல இருந்து எவன் போன் பண்ணாலும் எனக்குத் தெரியும். பேரு சொல்ல வேண்டாம், அலோன்னு கூடச் சொல்ல வேண்டாம், தொண்டையச் செருமுனாப் போதும். "என்ன குப்புசாமி, வண்டி வரலியா?"ன்னுடுவேன். பெரிய முதலாளி இருந்தப்ப ஆயுத பூசை அன்னைக்கு இதையே ஒரு வெளையாட்டா வெப்பாரு. பத்துப் பேர் கதவுக்குப் பின்னால நின்னு பேசோணும், நான் பேரைச் சொல்லோணும். ஒருக்காக்கூட தப்புனதில்ல. ஒருத்தன் பொம்பளைக் குரல்ல பேசிப் பாத்தான், அவனையும் புடிச்சுட்டேன். பெரியவரு எல்லாருகிட்டயும் சொல்லுவாரு, நல்லசிவம் காதுக்கு ரெண்டு கம்பெனி வெக்கலாம்னு.

அவரு போயிட்டாரு. இப்ப இருக்கறது அவரு பையன் சின்னவரு, பிரபுராம். நல்ல மனுசந்தான், கெட்ட பழக்கம் ஒண்ணுமில்ல. ஆனா பேச்சு கம்மி. போன்ல டைப் பண்ண மாட்டாரு, எதுன்னாலும் வாட்ஸப்புல குரலாத்தான் அனுப்புவாரு. "டெஸ்பாட்ச், நாளைக்குக் குண்டடம் வண்டி சீக்கிரம் போகோணும்." அவ்வளவுதான் வரும். என்ற பேரைச் சொன்னதே இல்லீங்க. டெஸ்பாட்ச், டெஸ்பாட்ச்சுதான். வயசுல இருபது மூத்தவன் நான். சரி, முதலாளி, எப்படிக் கூப்புட்டா என்ன? நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கறதே இல்ல.

அந்தக் கம்ப்யூட்டர்ப் பொண்ணு வந்து மூணு வருசமாச்சு. நீங்க சுகிர்தாங்கறீங்க, எங்களுக்கெல்லாம் அவ கம்ப்யூட்டர். "கம்ப்யூட்டர், பிரிண்டர் வரல." "கம்ப்யூட்டர், இங்க வாம்மா." அவளும் வருவா. ஒல்லியா, தோள்ல ஒரு பை, அதுக்குள்ள ஒயரு. வந்த புதுசுல இருந்தே எல்லாத்தையும் மாத்திப்போட்டா. எங்க பால் எடை, கொழுப்பு டெஸ்ட், எந்த டேங்கர் எந்த ரூட்டு, குளிர் ரூம்ல எவ்வளவு குளிரு, எல்லாமே சிஸ்டத்துல இருக்குதா, அதுக்குக் காவலுக்குன்னு ஒரு சாஃப்ட்வேரு போட்டா. அதுவும் ஏஐதானாம். யாரு எத்தனை மணிக்கு வர்றாங்க, எதைத் தொடறாங்கன்னு அது பாத்துப் பாத்துக் கத்துக்குமாம். நான் காலைல அஞ்சரைக்கு ரூட்டைத் தொறப்பேன், பொழுதோட நாலுக்கு மூடுவேன்னு அதுக்குத் தெரியும். ஒரு நா ராத்திரி ஒம்பது மணிக்குத் தொறந்தேன், உடனே போனுக்குச் செய்தி வருது, "இது நீங்களா? ஆம், இல்லை." எனக்குச் சுருக்குன்னுச்சு. இருபத்தி மூணு வருசமா இருக்கறவனப் பாத்து, நேத்து வந்த மெஷின் நீதானான்னு கேக்குது.

அப்பறம் எல்லாரையும் உக்கார வெச்சு ஒரு கூட்டம் போட்டா. "முன்னயெல்லாம் திருட்டு மெயில் தப்புந் தவறுமா வரும், பாத்தாலே தெரியும். இப்ப ஏஐ நம்மூருப் பேச்சுலயே எழுதும். ஒரு நிமிசம் பேசுன குரல் கெடைச்சாப் போதும், அதே குரல்ல போன் பண்ணும். குரல வெச்சு ஆளை நம்பற காலம் போச்சு"ன்னா. எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. நான் சும்மா இருப்பனா? "அப்ப என்ற சம்சாரம் போன் பண்ணி வரும்போது தக்காளி வாங்கிட்டு வாங்கன்னாலும், நீ யாரும்மான்னு கேக்கோணுமா கம்ப்யூட்டர்?"னு கேட்டேன். கூட்டமே சிரிச்சுது. அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டு, "ஆமா சார், சிஸ்டத்துக்குள்ள வர்ற நம்பரக் கேட்டாங்கன்னா கேக்கோணும்"னா.

நம்பர்ங்கறது என்னன்னா, வெளியூர்ல இருந்து யாராச்சும் எங்க சிஸ்டத்தத் தொறக்கோணும்னா மூணு பேர் போனுக்கு ஆறு இலக்க நம்பர் ஒண்ணு வரும். அந்த மூணுல நான் ஒருத்தன். அதைச் சொன்னாத்தான் கதவு தொறக்கும். அதுக்கு அவ ஒரு ரூல் போட்டா. ஒரு பேப்பர்ல பெருசா அடிச்சு என்ற மேசைக்கு நேரா செவுத்துல ஒட்டுனா. "யார் போனில் நம்பர் கேட்டாலும், முதலாளியே கேட்டாலும், போனை வைத்துவிட்டு அவருடைய சொந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடவும்."

முதலாளியே கேட்டாலும். அந்த ரெண்டு வார்த்தைதானுங்க என்னைய உறுத்துச்சு. முதலாளி பேசிட்டு இருக்கறப்ப நான் போனை வெச்சதே இல்ல. பெரியவரு காலத்துல இருந்தே பழக்கம், அவிங்க வெச்சப்பறந்தான் நம்ம வெக்கோணும். பேசி முடிச்சாலும் காதுலயே வெச்சுட்டு இருப்பேன், டொக்குன்னு சத்தம் கேக்கற வரைக்கும். அப்படிப்பட்டவனப் பாத்து, முதலாளி பேச்ச நறுக்கிப்போட்டு, திருப்பிக் கூப்புட்டு, "நீங்க நீங்கதானா?"ன்னு கேளுங்கறா. ஒரு வாரம் பாத்தேன். நிமுந்தாத் தெரியுது, குனிஞ்சாத் தெரியுது. எட்டாம் நாள் ஒரு ஆணி அடிச்சு, கடைவீதில குடுத்த முருகன் காலண்டர அது மேல மாட்டிட்டேன். கிழிக்கலீங்க. மறைச்சேன், அவ்வளவுதான். கிழிச்சாத் தப்பு.

இது நடந்தது போன வைகாசில. முதலாளி வடக்க ஒரு பால் பண்ணைக் கண்காட்சிக்குப் போனாரு. கோயமுத்தூர் ஏர்போர்ட்டு வரைக்கும் நானும் போயி வழி அனுப்பி, பூங்கொத்தோட ஒரு போட்டோ எடுத்து, "எங்கள் முதலாளி வடநாடு பயணம்"னு ஸ்டேட்டஸ் வெச்சேன். பேஸ்புக்லயும் போட்டேன். அதுல என்ன தப்புன்னு அப்பத் தெரியல. எந்நேரத்துக்கு அவரு பிளேன்ல இருப்பாரு, போன் அணைஞ்சு கெடக்கும்னு ஊருக்கே நான் சொல்லிட்டேன். இன்னொண்ணும் இருக்குது, அதையும் சொல்லிடறேன். ஆயுத பூசைக்கு அவரு பேசுனத பதினாலு நிமிசம் நானே வீடியோ எடுத்து யூடியூப்புல ஏத்தியிருந்தேன். ஒரு நிமிசம் போதும்னு அவ சொன்னாளல்லோ. நான் பதினாலு நிமிசம் குடுத்திருக்கறேன்.

அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்குப் போன் வந்துச்சு. தெரியாத நம்பர். எடுத்தா அவரு குரல். அச்சு அசலா அவரு குரலுங்க. பேச்சுக்கு நடுவுல மூக்க உறிஞ்சுவாரு, அதுகூட இருந்துச்சு. "போன் சார்ஜ் போயிருச்சு, பக்கத்துல இருக்கறவரு போன்ல பேசறேன். இங்க ஒரு பெரிய பார்ட்டிக்கு நம்ம ரூட்டு விவரத்தக் காட்டோணும். உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லுங்க." வந்துச்சு. சொன்னேன். அவரு வெச்சாரு. அப்பறம் நான் வெச்சேன்.

கண் மூடித் தொறக்கறதுக்குள்ள காவல் மெஷின் கேட்டுச்சு. "இது நீங்களா? ஆம், இல்லை." நான் "ஆம்"ல அமுத்துனேன். சலிப்போட அமுத்துனேன், சனியன் கேட்டுட்டே இருக்குதேன்னு.

அந்தப் பொண்ணு அவ ரூம்ல இருந்து ஓடியாந்தா. "சார், யாரோ வெளிய இருந்து உள்ள வந்திருக்கறாங்க, எல்லா விவரத்தையும் ஒண்ணொண்ணாத் தொறக்கறாங்க, உங்க பேர்ல வந்திருக்குது, நீங்களா?"ன்னா. "முதலாளிதாம்மா கேட்டாரு. போயி உன்ற வேலையப் பாரு, கம்ப்யூட்டர்"னேன். அவ அவரு நம்பருக்குப் போட்டுப் பாத்தா, சுவிட்ச் ஆஃப். என்னைய ஒரு பார்வை பாத்தா. பாத்துட்டு ஒரே ஓட்டமா ஓடி, சிஸ்டத்துல இருந்து குளிர் ரூமுக்குப் போற நெட் ஒயரை வெடுக்குன்னு புடுங்கிட்டா. நான் பின்னாலயே போயித் திட்டுனேன். "முதலாளி பாத்துட்டு இருக்கறாரு, ஒயரைப் புடுங்கறியே, யாரக் கேட்டுப் புடுங்குன?"னு கத்துனேன். நாலு பேர் பாத்தாங்க. அவ ஒயரக் கையிலயே புடிச்சுட்டு நின்னா.

அஞ்சு மணிக்கு எல்லாத் திரையும் கருப்பாயிருச்சு. இங்கிலீசுல ரெண்டு வரி. எல்லாத்தையும் பூட்டியாச்சு, சாவி எங்ககிட்ட இருக்குதுன்னு அர்த்தமாம்.

அடுத்த நாள் காலைல எந்த ஊர்லயும் எடை போட முடியல, டெஸ்ட் போட முடியல. எந்த டேங்கர் எங்க போகோணும்னு எவனுக்கும் தெரியல. எல்லாம் என்ற தலைக்குள்ள இருந்துச்சு ஒரு காலத்துல, அதையும் நான் சிஸ்டத்துக்கே குடுத்துட்டேன். ரெண்டு நாள் பால் திரும்பிப் போச்சு. வெயில் காலம், பால் என்ன காத்துட்டா இருக்கும்? மூலனூர்ப் பக்கத்துல இருந்து ராமாத்தான்னு ஒரு அம்மா, ரெண்டு எருமை வெச்சிருக்கறவ, திரிஞ்சுபோன பாலைக் கேனோட பஸ்ல கொண்டாந்து எங்க கேட்டு முன்னால ஊத்துனா. திட்டல, கத்தல. ஊத்திப்போட்டு, வெறுங்கேனை இடுப்புல வெச்சுட்டுத் திரும்பி நடந்துட்டா. வாசல்ல இருந்து ரோடு வரைக்கும் அந்தப் புளிச்ச வாடை ரெண்டு நாள் போகல. நான் அதைத் தாண்டித்தான் உள்ள போனேன்.

குளிர் ரூம்ல இருந்த பால் மட்டும் கெடல. அந்த ஒயரு புடுங்கினதால அதை மட்டும் அவனுகளால தொட முடியல. ஆமாங்க, அவ புடுங்கின ஒயருதான்.

நாலாம் நாள் முதலாளி கூப்புட்டாரு. ரூம்ல அவரு, கோயமுத்தூர்ல இருந்து வந்த கம்ப்யூட்டர்க்காரங்க ரெண்டு பேரு, நான், அவ. முதலாளி தூங்கி நாலு நாளாயிருக்கும் போல, கண்ணு செவந்திருந்துச்சு. என்னையக் கேட்டாரு. "டெஸ்பாட்ச், இப்படிப் போன்ல நம்பர் கேட்டாக் குடுக்கக் கூடாது, திருப்பிக் கூப்புடோணும்னு உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?"

"சொல்லலீங்க"ன்னேன்.

அவ்வளவுதானுங்க நான் சொன்னது. ஒரே வார்த்தை. அவ மேல பழி போட்டேன்னு ஊர்ல எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க, அவ பேரக்கூட நான் எடுக்கல. கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை சொன்னேன், வாய் தன்னால சொல்லிருச்சு.

அவ, "பேப்பர் ஒட்டியிருந்தேன் சார்"னா. முதலாளி கண்ணாடி வழியா என்ற மேசையப் பாத்தாரு. முருகன் காலண்டர்தான் தெரிஞ்சுது. "எங்கம்மா?"ன்னாரு. அவ செவுத்தப் பாத்தா, அப்பறம் என்னையப் பாத்தா. நான் தரையப் பாத்தேன். எந்திரிச்சுப் போயி அந்தக் காலண்டர ஒரு விரல்ல நகத்துனாப் போதும், பத்து அடி தூரம். நான் எந்திரிக்கல. அப்பறம் கோயமுத்தூர்க்காரரு ஒருத்தரு, "ஸ்டாஃபுக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுக்காததுதான் சார் காரணம்"னாரு. முதலாளி தலையாட்டுனாரு. அன்னைக்கே அவ பைய மாட்டிட்டுப் போயிட்டா.

பேப்பரு எங்க போச்சுன்னு அவளுக்குத் தெரியாது போல, தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாளேன்னு எனக்கு ஒரு நெனப்பு. அதுல ஒரு நிம்மதி கூட இருந்துச்சு, உங்ககிட்ட மறைக்கல. அஞ்சு மாசம் ஆச்சு. தெனம் காலைல வந்து அந்தக் காலண்டர்ல ஒரு தாளைக் கிழிக்கறேன்.

என்னங்க? குரலு அவரு குரலாவே இருந்தா யாருதான் ஏமாற மாட்டாங்கறீங்களா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. என்ற சம்சாரம் சொல்றா, மச்சான் சொல்றாரு, முதலாளியே சொன்னாரு. "உங்க காதையே ஏமாத்திருச்சுன்னா மத்தவங்க எம்மாத்திரம், போனாப் போகுது உடுங்க டெஸ்பாட்ச்"னாரு. அதான் என்னையக் கொல்லுது. ஏன்னா நெசம் அது இல்லீங்க. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. ஜன்னலப் பாருங்க சார், திரும்பாதீங்க.

அந்தப் போன்ல அது மொதல்ல என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "நல்லசிவண்ணா, சாப்டீங்களா?"ன்னு கேட்டுச்சு.

இருபத்தி மூணு வருசத்துல என்னைய யாரும் அந்தக் கம்பெனில சாப்டீங்களான்னு கேட்டதில்லீங்க. சின்னவரு வாயில இருந்து என்ற பேரே வந்ததில்ல, அண்ணாவுக்கு எங்க போறது? அப்பறம் சொல்லுச்சு, "அப்பா இருந்தப்பவே சொல்லுவாரு, உங்கள நம்பித்தான் கம்பெனி நிக்குதுன்னு"ன்னுச்சு. எனக்குத் தெரியும் சார். அந்த நொடியே உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லுச்சு, இவரு இப்படிப் பேசற ஆளு இல்லையேன்னு. குரலு அவருது, மனசு அவருது இல்ல. என்ற காது ஏமாறல. ஆனா கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சு. திருப்பிக் கூப்புட்டா, எடுக்கறது அதே சின்னவரா இருப்பாரு, "என்ன டெஸ்பாட்ச்?"னு கேப்பாரு. எனக்கு அது வேண்டாம்னு இருந்துச்சு. அண்ணான்னு ஒரு வார்த்தைக்கு நூத்தி முப்பத்தெட்டு ஊருப் பாலையும் நான் கொட்டிட்டேன். இதை எப்படிங்க வெளிய சொல்றது? வெக்கமா இருக்குதுங்க. ஊட்டுல தனியாக் கண்ணாடி பாத்து சேவிங் பண்றதுக்கே வெக்கமா இருக்குது.

அதனால நீங்க அவளுக்கு வேலையக் குடுத்துருங்க. நல்ல வேலைக்காரி. ஆனா நான் சொன்னேன்னு எங்க முதலாளி காதுக்குப் போக வேண்டாம். இன்னும் ஒரு வருசந்தான் எனக்கு, மரியாதையா மாலையப் போட்டு அனுப்பி வெக்கட்டும்.

என்னங்க சார்? அவகிட்டயே சொல்லோணுமா? இப்பவா? அவ நம்பர நான் அன்னைக்கே அழிச்சுட்டேனுங்களே. உங்ககிட்ட இருக்குதா. பஸ்ல நாலு பேர் இருக்கறாங்க சார். சரி. சரி, போடுங்க. நீங்க போட்டுக் குடுத்தா நான் பேசறேன், எனக்கு என்ன. மன்னிப்புதானே, கேட்டுப்போடலாம்.

"அலோ, சுகிர்தாவா? அம்மிணி, நான் நல்லசிவம் பேசறேன். டெஸ்பாட்ச். நல்லா இருக்கறயா கண்ணு, சாப்டியா? நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கோணும். அன்னைக்கு நடந்ததுல... அலோ? நாந்தாம்மா. வேற ஒருத்தரு போன்ல இருந்து பேசறேன். இல்லம்மா, நெசமாத்தான்... அலோ, அலோ?"

வெச்சுட்டாளுங்க.

என்ன சொன்னாளா? "நீங்க யாரு? எங்க டெஸ்பாட்ச் சார் என்னையப் பேரு சொல்லிக் கூப்புட மாட்டாரு. சாப்டியான்னு கேக்க மாட்டாரு. மன்னிப்பெல்லாம் கேக்கவே மாட்டாரு. போனை வைங்க"ன்னுட்டு டொக்குன்னு வெச்சுட்டா. என்ற குரலு அவளுக்குத் தெரியாதா? மூணு வருசம் கேட்ட குரலு. தெரிஞ்சும் நம்பல பாத்தீங்களா. நான் நல்லாப் பேசுனதனாலயே நம்பல.

சிரிக்காதீங்க சார். இல்ல, சிரிங்க.

இருங்க, என்ற போன் அடிக்குது. புது நம்பரு. இல்ல, இது அவ நம்பராத்தான் இருக்கோணும், நான்தான் அழிச்சுட்டேனே. திருப்பிக் கூப்புடறா சார். என்ற சொந்த நம்பருக்கு. பேப்பர்ல எழுதுன மாதிரியே.

"அலோ. ஆமாம்மா, நாந்தான். பல்லடம் பஸ்ல இருக்கறேன். ஆமா, கொஞ்சம் முன்னால பேசுனதும் நாந்தான். என்னது? கேளு... என்னம்மா?"

சார். நான்தான்னு நிரூபிக்கோணுமாம். எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிஞ்சது ஒண்ணு கேக்கறா. "உங்க மேசைக்கு எதிர்த்தாப்பல, அந்த முருகன் காலண்டருக்குப் பின்னால என்ன இருக்குது சார்?"னு கேக்கறா.

அவளுக்குத் தெரியுமுங்க. அன்னைக்கே தெரியும். அந்த ரூம்ல நின்னு செவுத்தப் பாத்து, என்னையப் பாத்து, நான் சொல்றனான்னு காத்துட்டு நின்னிருக்கறா.

"இருக்கறேம்மா, லைன்லதான் இருக்கறேன். உன்ற பேப்பரு. உன்ற பேப்பருதான் இருக்குது. யார் போனில் நம்பர் கேட்டாலும், முதலாளியே கேட்டாலும், போனை வைத்துவிட்டு அவருடைய சொந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடவும். நீ சொன்னே சுகிர்தா. கூட்டத்துல சொன்னே, பேப்பர்லயும் எழுதி ஒட்டுனே. நான்தான் மறைச்சேன். சொல்லலைன்னு நான் சொன்னது பொய்யி... ம்... ம்... சரி. சரிம்மா. ஆமா, நீ சொல்றது சரிதான்."

பேசிட்டனுங்க.

அழுகல சார், அவ அழுகல. திட்டவும் இல்ல. "எனக்குத் தெரியுமே சார், என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? கேட்டது நான் இல்லையே, முதலாளிதானே கேட்டாரு"ன்னா. அவ்வளவுதான். நான் போனைக் காதுலயே வெச்சுட்டு இருந்தேனா, டொக்குன்னு சத்தமே வரல. அப்பறந்தான் புரிஞ்சுது, நான் மொதல்ல வெக்கட்டும்னு அவ காத்துட்டு இருக்கறா. இத்தனைக்கும் அப்பறம். நான்தான் வெச்சேன்.

பல்லடம் வந்துருச்சுங்களா? கண்டக்டர், ஆள் எறங்கோணும், நிறுத்துங்க.

சார், அந்த நோட்ட எடுங்க. சுமார்னு எழுதியிருக்கறீங்கல்ல, அதை அடிங்க. நல்லா அழுத்தி அடிங்க. பக்கத்துல என்ற பேர எழுதிக்குங்க, நல்லசிவம், டெஸ்பாட்ச், சுமாருன்னு.

தங்கச்சி ஊட்டுக்கா? இல்லீங்க. எதுத்தாப்பல தாராபுரம் பஸ் நிக்குது பாருங்க, அதுல ஏறுனா ஆறு மணிக்குள்ள போயிரலாம். முதலாளி ஆறு வரைக்கும் இருப்பாரு. மொதல்ல காலண்டரக் கழட்டிப்போட்டுத்தான் அவரு ரூமுக்குள்ள போகோணும். போயிட்டு வந்து கழட்டலாம்னு நெனச்சா, எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல.

வரட்டுங்களா. வயித்து வலி இப்பத்தானுங்க நெசமா வருது.